விடையை ஆற்றங்கரைக்குக் கொண்டு போவோம்

உயர்நிலை வகுப்பு இயற்கணிதம், வடிவியல் கணக்குகளில் நாம் விட்டுவிடும் கடைசிப் படி

ஒன்பது, பத்தாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்தும்போது எல்லோரும் ஒன்றைக் கவனித்திருப்போம். மாணவர் கணக்கைப் படிப்படியாகச் செய்கிறார், ஓர் எண்ணை அடைகிறார், அதன்கீழ் இரண்டு கோடுகள் போடுகிறார், அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார். அந்த எண் ஆற்றின் வேகமா, வயலின் வரப்பா, கோபுரத்தின் உயரமா என்பது அவருக்கு மறந்தே போயிருக்கும். மனிதனின் வயது 140 என்று வந்தாலும் கோடு போடுவார். ஆற்றின் அகலம் 4 மீட்டர் என்று வந்தாலும் கோடு போடுவார்.

இதைக் கவனக்குறைவு என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. தன் விடை சரியா தவறா என்பதைத் தானே கண்டுகொள்ள வழி தெரியாத மாணவர், எப்போதும் ஆசிரியரின் சிவப்பு மையை எதிர்பார்த்தே இருப்பார். தேர்ச்சிக்குத் தேவையான 35 மதிப்பெண்ணைப் படிகளுக்கான மதிப்பெண்ணாலேயே எட்டிவிடலாம். ஆனால் அவர் நாளை ஐ.டி.ஐ.யில் அளவெடுக்கும்போதும், கட்டட வேலையில் கம்பிக்குக் கணக்குப் போடும்போதும், நில அளவையில் சங்கிலி பிடிக்கும்போதும் சிவப்பு மை உடன் வராது. “எனக்குக் கணக்கு வராது” என்று ஒதுங்கும் பிள்ளைகளில் பலருக்கு வராதது கணக்கு அல்ல. விடையைச் சோதிக்கும் பழக்கம்தான் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

கணக்கு எங்கிருந்து வந்ததோ அங்கேயே விடையைத் திரும்பக் கொண்டுபோய் நிறுத்திப் பார்ப்பதே அந்தக் கடைசிப் படி. தாமிரபரணிப் பாசனப் பகுதியில் பணியாற்றும் நமக்கு ஆறு, வயல், அணை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. வகுப்பில் அடிக்கடி வரும் நான்கு வகைக் கணக்குகளை இந்த மண்ணில் வைத்துச் செய்து பார்ப்போம். எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. மாறிகளையும் புள்ளிகளையும் இங்கே தமிழ் எழுத்துகளால் குறித்துள்ளேன். கரும்பலகையில் பாடநூல் குறியீடுகளையே பயன்படுத்தலாம்.

1. படகும் நீரோட்டமும்

கணக்கு: அசையாத நீரில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் செல்லும் விசைப்படகு ஒன்று, புன்னைக்காயல் முகத்துவாரத்திலிருந்து ஆற்றை எதிர்த்து 12 கி.மீ. சென்று, அதே வழியில் திரும்புகிறது. திரும்பி வர ஆன நேரத்தைவிட எதிர்த்துச் செல்ல 30 நிமிடம் கூடுதலாக ஆயிற்று. நீரோட்டத்தின் வேகம் என்ன?

நீரோட்டத்தின் வேகம் மணிக்கு ‘ந’ கி.மீ. என்க. எதிர்த்துச் செல்லும் வேகம் 10 − ந. உடன் வரும் வேகம் 10 + ந. எனவே,

12/(10 − ந) − 12/(10 + ந) = 1/2

சுருக்கினால் 48ந = 100 − ந². அதாவது ந² + 48ந − 100 = 0. காரணிப்படுத்தினால் (ந + 50)(ந − 2) = 0. ந = 2 அல்லது −50. வேகம் எதிர்க்குறி எண்ணாக இருக்க முடியாது என்பதால் விடை மணிக்கு 2 கி.மீ.

இது எல்லா வகுப்பிலும் நடப்பது. இனி, இதே கணக்கில் மாணவர்கள் செய்யும் இரண்டு தவறுகளைப் பார்ப்போம்.

முதல் தவறு: வலப்பக்கத்தில் 1/2 என்பதற்குப் பதில் 30 என்று எழுதுவது. அப்போது சமன்பாடு 5ந² + 4ந − 500 = 0 என்றாகும். சூத்திரத்தில் போட்டால் ந ஏறத்தாழ 9.6. மிகை எண், பத்தைவிடச் சிறியது. மாணவர் நிம்மதியாகக் கோடு போட்டுவிடுவார். இந்த விடையை ஆற்றுக்குக் கொண்டு போவோம். படகின் வேகம் 10, நீரோட்டம் 9.6. எதிர்த்துச் செல்லும் வேகம் மணிக்கு வெறும் 0.4 கி.மீ. தவழும் குழந்தைகூட முந்திவிடும்! 12 கி.மீ. செல்ல 30 மணி நேரம் ஆகும். திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. வித்தியாசம் சுமார் 30 மணி நேரம். மாணவர் கணக்கைத் தவறாகத் தீர்க்கவில்லை. வேறொரு கணக்கைச் சரியாகத் தீர்த்திருக்கிறார். “30 நிமிடம்” என்ற கேள்விக்கு அல்ல, “30 மணி நேரம்” என்ற கேள்விக்கு அது விடை. இப்படிக் காட்டினால் அலகு மாற்றம் ஏன் தேவை என்பதை அவர் மறக்கமாட்டார்.

இரண்டாவது தவறு: கழித்தலை மாற்றிப் போடுவது. உடன் வந்த நேரத்திலிருந்து எதிர்த்துச் சென்ற நேரத்தைக் கழித்து 1/2 என்று எழுதினால், ந² − 48ந − 100 = 0 கிடைக்கும். (ந − 50)(ந + 2) = 0. ந = 50 அல்லது −2. இப்போது “எதிர்க்குறி விடையை நீக்கு” என்று நாம் சொல்லிக்கொடுத்த விதியை மாணவர் அப்படியே பின்பற்றுகிறார். −2 போய்விடுகிறது. மணிக்கு 50 கி.மீ. என்று எழுதுகிறார். மணிக்கு 10 கி.மீ. செல்லும் படகு அந்த வெள்ளத்தை எப்படி எதிர்த்துச் செல்லும்? ஆற்றைப் பார்த்த பிள்ளை இதைக் கேட்டதும் சிரிக்கும். ஆனால் விதி சிரிக்காது. சமன்பாட்டில் குறி மாறிப்போனபோது, சரியான விடைதான் எதிர்க்குறியோடு வந்து நின்றது. அதைத்தான் விதி வெளியே தள்ளியது.

2. வயலும் வரப்பும்

“எதிர்க்குறி மூலத்தை நீக்கு” என்ற விதி போதாது என்பதற்கு இன்னொரு நல்ல கணக்கு உண்டு.

கணக்கு: 30 மீ நீளம், 20 மீ அகலம் உள்ள செவ்வக வயலின் உள்ளே, நான்கு ஓரங்களிலும் ஒரே அகலத்தில் வரப்பு போடப்படுகிறது. நடவுக்கு மிஞ்சும் பரப்பு 504 ச.மீ. வரப்பின் அகலம் என்ன?

வரப்பின் அகலம் ‘வ’ என்க. வரப்பு இரு பக்கமும் இருப்பதால், நடவுப் பகுதியின் நீளம் 30 − 2வ. அகலம் 20 − 2வ.

(30 − 2வ)(20 − 2வ) = 504
4வ² − 100வ + 96 = 0
வ² − 25வ + 24 = 0
(வ − 1)(வ − 24) = 0

வ = 1 அல்லது 24. இரண்டும் மிகை எண்கள்! எதை நீக்குவது? பல மாணவர்கள் இங்கே திகைப்பார்கள். சிலர் இரண்டையும் விடையாக எழுதுவார்கள். வயலுக்குப் போனால் விடை தெரியும். 20 மீ அகலமுள்ள வயலில் 24 மீ அகல வரப்பு போட இடமில்லை. அப்படியானால் 24 ஏன் வந்தது? பிரதியிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: 30 − 48 = −18; 20 − 48 = −28; (−18) × (−28) = 504. நீளமும் எதிர்க்குறி, அகலமும் எதிர்க்குறி, பெருக்கினால் மிகை. சமன்பாட்டுக்கு எண்கள் மட்டுமே தெரியும், வயல் தெரியாது. வயலைத் தெரிந்தவர் மாணவர்தான்.

இதில் பெரும்பாலோர் செய்யும் தவறு, வரப்பை ஒரு பக்கம் மட்டும் கழிப்பது: (30 − வ)(20 − வ) = 504. அப்போது வ² − 50வ + 96 = 0; வ = 2 அல்லது 48. அவர் 48-ஐ நீக்கிவிட்டு 2 மீ என்று எழுதுவார். இந்த விடையில் அபத்தம் எதுவும் தெரியாது. 2 மீ வரப்பு நம்பக்கூடியதுதான். எனவே நம்பத்தகுந்ததா என்று பார்ப்பது மட்டும் போதாது, அளந்தும் பார்க்க வேண்டும். 2 மீ வரப்பை நான்கு பக்கமும் வரைந்தால் உள்ளே மிஞ்சுவது 26 மீ × 16 மீ. பரப்பு 416 ச.மீ. கணக்கு சொன்னதோ 504. தவறு எங்கே என்பது படத்திலேயே தெரிந்துவிடும்.

கீழ்வகுப்பிலிருந்தே தொடரும் இன்னொரு தவறையும் இதே வயலில் தீர்க்கலாம். (அ + ஆ)² = அ² + ஆ² என்று எழுதும் மாணவருக்கு, 10 மீ பக்கமுள்ள சதுர வயலை இரு பக்கங்களில் 2 மீ நீட்டச் சொல்லுங்கள். புதிய வயல் 12 × 12 = 144. அவர் சூத்திரப்படி 100 + 4 = 104. காணாமல்போன 40 ச.மீ. எங்கே? 10 மீ நீளம், 2 மீ அகலம் கொண்ட இரண்டு பட்டைகள். அவைதான் 2அஆ.

3. ஆற்றைக் கடக்காமல் அகலம் காண்பது

வடிவொத்த முக்கோணங்களைக் கற்பிக்க இதைவிடச் சிறந்த செயல்பாடு இல்லை. எதிர்க்கரையில் உள்ள ஒரு மரம் அ. அதற்கு நேர் எதிரே நம் கரையில் ஆ. கரையோரமாகவே 20 மீ நடந்து இ என்ற இடத்தில் ஒரு குச்சி ஊன்றுகிறோம். அதே நேர்கோட்டில் இன்னும் 5 மீ நடந்தால் ஈ. அங்கிருந்து ஆற்றுக்கு முதுகைக் காட்டியபடி செங்குத்தாக நடந்து, குச்சியும் மரமும் ஒரே கோட்டில் தெரியும் இடத்தில் நிற்கிறோம். அது உ. ஈஉ = 18 மீ என்று கொள்வோம்.

ஆ, ஈ இரண்டும் செங்கோணங்கள். இ-யில் குத்தெதிர்க் கோணங்கள் சமம். எனவே முக்கோணங்கள் அஆஇ, உஈஇ வடிவொத்தவை.

அஆ/உஈ = ஆஇ/ஈஇ
அஆ = 18 × 20/5 = 72 மீ

இங்கே வரும் தவறுகள் இரண்டு. ஒன்று, ஒத்த பக்கங்களைத் தலைகீழாக எழுதி 18 × 5/20 = 4.5 மீ என்பது. எண்ணைப் போடும் முன்பே இதைத் தடுக்கலாம். “எந்த முக்கோணம் பெரியது?” என்று கேளுங்கள். 20 மீ பக்கம் கொண்டது 5 மீ பக்கம் கொண்டதைவிடப் பெரியது. எனவே ஆற்றின் அகலம் 18 மீட்டரைவிட அதிகமாகத்தான் இருக்க வேண்டும்.

மற்றொன்று, அடிப்படை விகிதசமத் தேற்றத்தோடு குழப்பிக்கொண்டு முழு நீளம் 25-ஐ எடுப்பது: 18 × 25/5 = 90 மீ. இதுவும் நம்பத்தகுந்த விடைதான். இதைக் கண்டுபிடிக்க வரைபடத்தாள் போதும். 5 மீ-க்கு 1 செ.மீ. என்று அளவுத்திட்டம் எடுத்து, ஆஇ 4 செ.மீ., இஈ 1 செ.மீ., ஈஉ 3.6 செ.மீ. வரைந்து, உஇ கோட்டை நீட்டினால், ஆ-விலிருந்து செங்குத்தாக 14.4 செ.மீ. தொலைவில் அ வந்து சேரும். 14.4 × 5 = 72. தொண்ணூறு வராது.

இந்தச் செயல்பாட்டை மாணவர்களோடு ஆற்றங்கரையில் செய்ய வேண்டாம். பள்ளி மைதானத்தில் சுண்ணாம்பால் இரண்டு கரைகள் வரைந்து செய்வதே நல்லது. பாதுகாப்பு மட்டும் காரணமல்ல. மைதானத்தில் ‘ஆற்றின்’ உண்மையான அகலத்தை நாடாவால் அளந்து விடையோடு ஒப்பிடலாம். செங்கோணத்துக்குக் கயிற்றில் 3, 4, 5 அடி முக்கோணம் போதும். இரண்டு குழுக்களின் விடை வேறுபடும்போது நல்ல பாடம் ஒன்று கிடைக்கும்: மேற்சொன்ன அளவில் ஈஉ-வை 1 மீ தவறாக அளந்தால் அகலம் 4 மீ பிழையாகும். இஈ-யை 10 மீ ஆக்கினால் அதே பிழை 2 மீ ஆகக் குறையும். ஏன் என்று மாணவர்களையே சொல்லவிடுங்கள்.

நம் நாட்டின் பெரும் முக்கோண அளவையும் இந்த முறையில்தான் வளர்ந்தது. 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே சுமார் 12 கி.மீ. நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அதன்பின் கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணத்தின்மேல் முக்கோணமாகக் கணக்கிட்டுக்கொண்டே போனார்கள். கோணம் அளந்த தியோடலைட் கருவியின் எடை ஏறத்தாழ அரை டன். சமவெளிப் பகுதிகளில் கோயில் கோபுரங்களே அளவை நிலையங்களாயின. கணக்கிட்ட நீளத்தை அவர்கள் அப்படியே நம்பிவிடவில்லை. வழியில் ஆங்காங்கே, திருநெல்வேலிச் சீமை உட்பட, புதிய அடிக்கோடுகளைத் தரையில் மீண்டும் அளந்து, கணக்கில் வந்த நீளத்தோடு ஒப்பிட்டார்கள். விடையைச் சரிபார்ப்பது பலவீனமானவர்களுக்கான வேலை என்று நினைக்கும் மாணவருக்கு இதைச் சொல்லலாம்.

4. அணையில் பாதித் தண்ணீர் எவ்வளவு?

பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி; மணிமுத்தாறு அணைக்கு 118 அடி. நீர்மட்டம் நாளிதழ்களில் நாள்தோறும் வருகிறது. கார், பிசான சாகுபடிக் காலங்களில் வீட்டில் பெரியவர்கள் முதலில் பார்க்கும் செய்தி அதுதான். வகுப்பில் கேளுங்கள்: பாபநாசத்தில் 71½ அடி தண்ணீர் இருக்கிறது, அணையில் எவ்வளவு தண்ணீர்? ஏறக்குறைய எல்லோரும் “பாதி” என்பார்கள்.

உயரம் பாதியானால் கொள்ளளவும் பாதியாவது, செங்குத்தான சுவர் கொண்ட தொட்டியில் மட்டுமே. மலைப் பள்ளத்தாக்கு அப்படி இல்லை; அடியில் குறுகி, மேலே விரிகிறது. எளிமைக்காக அதைத் தலைகீழ்க் கூம்பு என்று கொள்வோம். நீர் நிரம்பிய பகுதி முழுக் கூம்புக்கு வடிவொத்த சிறு கூம்பு. உயரம் 1/2 என்றால் ஆரமும் 1/2; கன அளவு 1/2 × 1/2 × 1/2 = 1/8. பாதி உயரத்தில் எட்டில் ஒரு பங்கு தண்ணீர்தான்!

உயரம் முக்கால் பங்கு என்றாலும் (3/4)³ = 27/64, அதாவது பாதிக்கும் குறைவு. இந்தக் கூம்பில் பாதித் தண்ணீர் நிற்க நீர்மட்டம் ஏறத்தாழ 113½ அடி இருக்க வேண்டும். மேல் 10 அடியில் மட்டும் எவ்வளவு? (133/143)³ ஏறத்தாழ 0.80. ஆக, கடைசிப் பத்து அடியில் மொத்தத் தண்ணீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நிற்கிறது. அணை நிரம்பும் தறுவாயில் ஒவ்வோர் அடிக்கும் விவசாயிகள் ஏன் அவ்வளவு ஆவலாகக் காத்திருக்கிறார்கள் என்பது இப்போது கணக்காகப் புரியும்.

உண்மையான அணை சரியான கூம்பு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொறியாளர்கள் ஒவ்வோர் அடிக்கும் கொள்ளளவைக் காட்டும் அட்டவணை வைத்திருப்பார்கள். ஆனால் “பாதி உயரம், பாதித் தண்ணீர்” என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்பதைக் காட்டக் கூம்பு போதும். கூடவே அலகையும் சேர்க்கலாம். நீர்வரத்து 1,000 கனஅடி என்றால் வினாடிக்கு 1,000 கனஅடி. ஒரு நாளில் 86,400 வினாடிகள். எனவே ஒரு நாள் வரத்து 8 கோடியே 64 லட்சம் கனஅடி. ‘வினாடிக்கு’ என்ற சொல்லை விட்டுவிட்டால் செய்திக்கே பொருள் இல்லை. படகுக் கணக்கில் 30 நிமிடம் செய்த அதே தவறு இங்கேயும் நேரும்.

வகுப்பில் செய்ய வேண்டியவை

கரும்பலகையின் ஓரத்தில் இந்த நான்கு கேள்விகளை நிரந்தரமாக எழுதி வைக்கலாம்:

• கேட்டது என்ன? அதன் அலகு என்ன?
• கணக்குப் போடும் முன், விடை எதைவிடப் பெரியதாக, எதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும்?
• கிடைத்த விடையைச் சமன்பாட்டில் அல்ல, கணக்கின் வாக்கியத்தில் போட்டுப் படித்தால் பொருந்துகிறதா?
• நீக்கிய விடையை ஏன் நீக்கினேன்?

மூன்றாவது கேள்வி முக்கியமானது. சமன்பாடே தவறாக அமைந்திருந்தால், விடையை அதில் பிரதியிட்டுப் பயனில்லை; தவறான சமன்பாட்டைத் தவறான விடை சரியாகவே நிறைவுசெய்யும். வாக்கியத்தில்தான் சோதிக்க வேண்டும்.

வாரத்தில் ஒரு பாடவேளையில், ஒரே கணக்கின் மூன்று விடைகளை எழுதிப் போடுங்கள். படகுக் கணக்குக்கு 2, 9.6, 50. எது சரி என்று சொல்லாதீர்கள். குழுவாகப் பிரிந்து, ஒவ்வொரு விடையோடும் படகை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தவறான விடைகள் எப்படி வந்திருக்கும் என்பதையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும். மெல்லக் கற்கும் மாணவர்கள் இதில் தயங்காமல் பேசுவார்கள். தவறு தன்னுடையதல்ல என்பதால் கூச்சம் இருக்காது. வகுப்புத் தேர்வில் சரிபார்த்தலுக்கு ஒரு மதிப்பெண் ஒதுக்கினால் பழக்கம் நிலைக்கும்.

பயிற்சிக்கு மூன்று

1. திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசனா முதலியார் பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. 11 வளைவுகள் கொண்டது. இதுபோன்ற ஒரு வளைவு வட்டத்தின் வில் என்றும், அடியில் அகலம் 18 மீ, நடுவில் உயரம் 3 மீ என்றும் கொண்டால் ஆரம் என்ன? (விடை 15 மீ. 9 மீ என்று எழுதுவோர் வளைவை அரைவட்டம் என்று கொண்டவர்கள். அப்படியானால் உயரமும் 9 மீ இருக்க வேண்டுமே என்று கேளுங்கள்.)

2. கோபுர உச்சியின் ஏற்றக்கோணம் ஓரிடத்தில் 30°. கோபுரத்தை நோக்கி 40 மீ நடந்தபின் 60°. பார்ப்பவரின் கண்மட்டத்துக்கு மேல் கோபுரத்தின் உயரம் என்ன? (விடை 20√3, ஏறத்தாழ 34.6 மீ. 40√3 என்று எழுதுவோர், நடந்த தூரத்தையே கோபுரத்துக்கான தூரமாகக் கொண்டவர்கள். தரையிலிருந்து உயரம் வேண்டுமானால் பார்ப்பவரின் கண் உயரத்தைக் கூட்ட வேண்டும் என்பதையும் நினைவூட்டுங்கள்.)

3. ஒரு மடை திறந்தால் வயலில் 6 மணி நேரத்தில் தண்ணீர் பாயும். மற்றொன்று திறந்தால் 3 மணி நேரம். இரண்டும் திறந்தால்? (விடை 2 மணி நேரம். 9 என்றும், சராசரி எடுத்து 4½ என்றும் விடைகள் வரும். ஒரு மடைக்கே 3 மணி நேரம் போதும்போது இரண்டு மடைக்கு அதைவிட அதிகம் ஆகுமா?)

மூன்றாம் கணக்கின் கடைசிக் கேள்வியை வயல் வேலை தெரிந்த எந்தப் பிள்ளையும் கேட்கும். வீட்டில் கேட்கத் தெரிந்த அந்தக் கேள்வியைக் கணக்கு நோட்டிலும் கேட்கலாம் என்று அனுமதி கொடுப்பதே நம் வேலை.